கல்லீரல் கெட்டால் வயிற்றில் பாலிப்பா?

கேள்வி: என் கணவருக்குக் கல்லீரல் சுருக்கம். எண்டோஸ்கோபி பார்த்ததில் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் நாலைந்து பாலிப் (சதை முளை) இருக்கிறதாம். புற்றுநோயா? (வாசகி, ஈரோடு)

பதில்: பெரும்பாலும் இல்லை. கல்லீரல் சுருக்கம் (சிரோசிஸ்) முற்றி, கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையில் ரத்த அழுத்தம் ஏறியவர்களில் சிலருக்கு இரைப்பையின் கீழ்முனையில், ஆன்ட்ரம் என்கிற இடத்தில், இப்படிச் சின்னச் சின்னதாகப் பல பாலிப்புகள் வருவதுண்டு. ஆனால் கண்ணால் பார்த்து மட்டும் எவரும் உறுதி சொல்ல முடியாது. பயாப்சி (சதைத் துணுக்குப் பரிசோதனை) முடிவைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: கெட்டது கல்லீரல், முளைப்பது வயிற்றிலா? (வாசகர், மதுரை)

பதில்: வயிறு, குடல், மண்ணீரல் மூன்றின் ரத்தமும் போர்ட்டல் சிரையில் சேர்ந்து கல்லீரலுக்குள் புகுந்துதான் இதயத்துக்குத் திரும்ப வேண்டும். கல்லீரல் தழும்பேறி இறுகினால், மடை அடைபட்ட வாய்க்காலைப் போல ரத்தம் பின்னால் தேங்குகிறது. கல்லீரலுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் சாதாரணமாக 5 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கும். 10-ஐத் தொட்டால் சிக்கல்கள் ஆரம்பம். 12-க்கு மேல் போனால் உணவுக்குழாயில் வீங்கிய சிரைகள் வெடித்து ரத்தம் கொட்டலாம். அதே அழுத்தம் இரைப்பைச் சவ்வின் நுண்குழாய்களையும் விரிக்கிறது. சவ்வு தடித்து மேலெழுகிறது. இந்தப் பாலிப் வருவதற்கு மருத்துவர்கள் சொல்லும் விளக்கம் இதுதான்.

கேள்வி: வெட்டி எறிந்துவிட்டால் தீர்ந்ததே! (வாசகர், திருச்சி)

பதில்: தீராது. அழுத்தம் குறையாதவரை வெட்டிய பிறகும் மீண்டும் முளைக்கலாம். அதைவிடப் பெரிய கவலை ரத்தக்கசிவு. இந்தப் பாலிப்பின் உள்ளே முழுக்க விரிந்த ரத்தக்குழாய்கள். சிரோசிஸ்காரருக்கு மண்ணீரல் வீங்கித் தட்டணுக்கள் குறைந்திருக்கும்; ரத்தம் உறையும் திறனும் தடுமாறும். அதனால் சின்னதாக, தொந்தரவு தராமல் இருந்தால் பயாப்சி எடுத்துவிட்டுக் கண்காணிப்பதே நல்லது. ரத்தம் கசிந்து சோகை வந்தால், பெரிதாகி வழியை அடைத்தால், பயாப்சியில் சந்தேகம் இருந்தால் நீக்கத்தான் வேண்டும். அதையும் ரத்தக்கசிவை உடனே நிறுத்தும் வசதியுள்ள இடத்தில் செய்யுங்கள். சிலருக்கு ரப்பர் வளையம் போட்டும் அகற்றுகிறார்கள். எண்டோஸ்கோபி அறைக்குள் போகுமுன் “எனக்குச் சிரோசிஸ் இருக்கிறது” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: ஒரு லேப் ‘ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்’ என்கிறது, இன்னொன்று ‘போர்ட்டல் ஹைப்பர்டென்சிவ் பாலிப்’ என்கிறது. யாரை நம்புவது? (வாசகி, கோவை)

பதில்: இரண்டாவது பெயர்தான் நாம் மேலே பேசிய, போர்ட்டல் அழுத்தத்தால் வரும் பாலிப். இரண்டும் நுண்ணோக்கியில் நெருங்கிய சாயல் கொண்டவை. நோயாளிக்குக் கல்லீரல் நோய் என்று பயாப்சி படிவத்தில் எழுதியிருந்தால்தான் நோய்க்குறியியல் மருத்துவர் விரிந்த ரத்தக்குழாய்களைத் தேடிப் பார்ப்பார். அதே ஸ்லைடை, கல்லீரல் விவரங்களோடு, மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். புதிதாக இன்னொரு தரம் சதை எடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: கல்லீரலுக்குப் போனால் இதய மாத்திரை எழுதித் தருகிறாரே டாக்டர்? (வாசகர், சேலம்)

பதில்: சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ப்ராப்ரனோலால், கார்வெடிலால் இரண்டும் போர்ட்டல் அழுத்தத்தைக் குறைப்பவை. நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். தலைசுற்றினாலோ நாடித்துடிப்பு மிகவும் குறைந்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றுவார்.

கேள்வி: கீழாநெல்லி தின்றால் பாலிப் கரையுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கரையாது. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் கீழாநெல்லி பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதியது உண்மை. அது ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களைப் பற்றியது. பிறகு வேறிடங்களில் செய்த ஆய்வுகளில் அதில் சொன்ன பலன் கிடைக்கவில்லை. தழும்பேறிய கல்லீரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹெபடைடிஸ் பி, சி இருந்தால் இன்று நல்ல மாத்திரைகள் உண்டு. அவற்றைக் கேளுங்கள்.

கேள்வி: மாற்றுக் கல்லீரல் வைத்தால் பாலிப் போய்விடுமா? (வாசகி, வேலூர்)

பதில்: அழுத்தம் இறங்கியதும் சுருங்கி மறைந்தவர்கள் உண்டு. ஆனால் பாலிப்புக்காக யாரும் கல்லீரலை மாற்றுவதில்லை.

கேள்வி: சிரோசிஸ் இருக்கும்போது மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போட்டுக்கொள்ளலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கூடாது! ஐபுபுரோஃபெனும் கூடாது. இவை வயிற்றில் ரத்தக்கசிவை வரவழைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் போதும், அதுவும் நாளுக்கு 2 கிராமுக்கு மேல் போகாமல், மருத்துவரைக் கேட்டு. மது ஒரு சொட்டும் வேண்டாம். மலம் கன்னங்கரேலென்று பிசுபிசுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.