எட்டா, பதினாறா?

லேப்டாப்பில் ரேம் எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லாரிடமும் பதில் இருந்தது. காலேஜ் சேர்ந்திருக்கும் மகள் 16 ஜிபி என்றாள். மைத்துனர் போனிலேயே 32 என்றார். பணம் கொடுக்கப்போவது அவரில்லையே.

"விண்டோஸ் 11க்கு 4 ஜிபி இருந்தா போதும்னு மைக்ரோசாஃப்டே போட்டிருக்கான், 8 வாங்கினா ரெண்டு மடங்கு" என்றேன்.

"அது ஆன் ஆகறதுக்குப்பா. வேலை செய்யறதுக்கு இல்ல."

ஆப்பிள்காரனே மேக்புக் ஏரை 8 ஜிபியில்தானே விற்கிறான் என்று பிரம்மாஸ்திரத்தை விட்டேன். 2024 அக்டோபரிலேயே 16 ஆக்கிவிட்டார்களாம். எனக்குத் தகவல் வந்து சேருவதற்குள் உலகம் எப்போதும் இரண்டு தெரு தாண்டிவிடுகிறது.

ரிச்சி தெருவுக்குக் குடும்பத்தோடு போனோம். கடைப் பையனிடம் விவரமானவன்போலக் கேட்டேன்: "ஏன் தம்பி, 512 ஜிபி இருக்கே, அதுக்கு மேல எதுக்கு இன்னொரு 8?" அவன் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பரிதாபமாக என் மனைவியைப் பார்த்தான்.

"ஏங்க, அந்த 512 பரண். இந்த 8 அடுப்படி மேடை. மேடையில இடமில்லேன்னா, ஒரு சாம்பார் வைக்க நாலு தடவை ஏணி போட்டுப் பரண்ல ஏறணும். மெஷின் தடவுறது அதனாலதான்."

"மேடம் கரெக்டா சொல்றாங்க சார்" என்றான் பையன். ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் பாதி ஆயுசைக் கழித்தவன் நான்.

ஆனால் என் சட்டைப் பையில் ஒரு ரகசியம் இருந்தது. மண்டையைப் போட்ட பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றி, விபூதிப் பொட்டலக் காகிதத்தில் மடித்துப் பத்திரப்படுத்தியிருந்த 8 ஜிபி ரேம். புதுசில் 8 வாங்கி இதைச் செருகினால் 16. மகளுக்கும் ஜெயம், பர்ஸுக்கும் ஜெயம்.

நான் காட்டிய மாடலைப் பையன் கவிழ்த்தான். "இதுல ரேம் போர்டுலயே சால்டர் சார். ஸ்லாட்டே கிடையாது." அடுத்ததில் ஸ்லாட் இருந்தது. விபூதியை ஊதிவிட்டு என்னுடையதைப் புதுசு ஒன்றின் பக்கத்தில் வைத்தான். பார்க்க அண்ணன் தம்பிதான். கீழே இருக்கும் சின்ன வெட்டு மட்டும் கொஞ்சம் தள்ளியிருந்தது. "இது டிடிஆர்4, அது டிடிஆர்5. உள்ளயே போகாது சார்." போதாததற்கு, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் திரைக்கான வேலைக்கும் இந்த ரேமிலிருந்தே ஒரு பங்கு போய்விடுமாம்; ஆக, 8 என்று வாங்கினாலும் கைக்கு முழு 8 வராது.

16 வாங்கினோம். பில்லை நான் கொடுத்தேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் மாற்றுக் கருத்து சொல்லவில்லை.

நீங்கள் போனால் முதலில் ஸ்லாட் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் பேசாமல் 16 ஆகவே எடுத்துவிடுங்கள், பின்னால் கூட்டவே முடியாது. ஸ்லாட் இருந்து, அது டிடிஆர்4 ஆகவும் இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நல்ல நிலையில் 8 ஜிபி ஒன்று இருக்கிறது, விபூதியோடு தருகிறேன்.