சும்மா பார்க்கத்தான் வந்தேன்

கடலூரிலிருந்து நாகப்பட்டினம் வரை எந்த மீனவ ஊருக்குப் போனாலும், வலை காய்கிற இடத்துக்கு அப்பால், அடப்பங்கொடி படர்ந்த மணலில் நாலைந்து ஃபைபர் படகுகள் கடலுக்குப் போகாமல் கிடக்கும். அவற்றில் ஏதாவது ஒன்றை நம்மவர் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருப்பார். என்ன விஷயம் என்று கேட்டால், “சும்மா பார்க்கத்தான் வந்தேன்” என்பார். நம்பிவிடாதீர்கள். சும்மா பார்க்க வந்தவர் சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர் இருக்காது.

நம்மவர் பெரும்பாலும் கடல் தொழில் செய்தவர் அல்ல. ஐஸ் கம்பெனியில் பங்கு வைத்திருப்பார், அல்லது ஹார்டுவேர் கடை நடத்துவார், அல்லது துபாயிலிருந்து திரும்பி ஆறு மாதம் ஆகியிருக்கும். ‘நம்ம பேரில் ஒரு போட்டு ஓடட்டும், ஆள் விட்டுப் பங்குக்குக் கொடுத்தால் போயிற்று’ என்பது கனவு. புதுப் படகு என்றால் லட்சங்களில் பேச வேண்டும். ஆகவே கண் பழசின் மேல் போகிறது.

அவரை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது. நிறையவே தெரியும். முதல் வேலையாக ஐந்து ரூபாய்க் காசை எடுத்து, பலாப்பழம் வாங்குகிறவரைப் போலக் காதைச் சாய்த்துக்கொண்டு, அணியத்திலிருந்து பின்பக்கம் வரை தட்டிக்கொண்டே போவார். ஃபைபர் படகு என்பது பாலியெஸ்டர் ரெசினில் தோய்த்த கண்ணாடி இழைப் பாய்களை அடுக்கடுக்காக ஒட்டியதுதான். அடுக்குகள் ஒட்டியிருந்தால் காசு ‘டிங்’ என்னும், விட்டிருந்தால் ‘தொப்’ என்னும். ‘தொப்’ கேட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுவார். பத்து நிமிடத்தில் படகுக்கு அம்மை போட்டுவிடும்.

அப்புறம் குனிந்து அடிப்பக்கம் பார்ப்பார். தண்ணீரிலேயே கிடந்த ஃபைபரில் கொப்புளம் வருவதுண்டு. மேல்பூச்சு வழியாகக் கசியும் நீர் உள்ளே ரெசினோடு சேர்ந்து அமிலமாகிப் பூச்சை உப்ப வைக்கிறது. நம்மவர் ஒன்றைக் குத்தி, விரலில் தொட்டு முகர்ந்து, “வினிகர்!” என்பார். அந்தக் குரலில் வருத்தம் துளியும் இல்லை.

“இது சுனாமி போட்டா?” இது அடுத்த கேள்வி. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நிவாரணமாக வந்த படகுகளுக்குக் கரையில் ஒரு தனிப் பெயரே உண்டு. கொடுக்கிறவர்களுக்கு அவசரம், வாங்குகிறவர்களுக்கும் அவசரம். கடற்கரை நெடுகத் திடீர்ப் படகுப் பட்டறைகள் முளைத்தன. அவற்றில் சில, பாயையும் ரெசினையும் அளவு பார்க்காமல் அடித்துத் தள்ளின. சில ஊர்களில் அலைக்கு முன்பு இருந்ததைவிடப் படகு கூடுதலாகிவிட்டது. அதனால் விற்க வருகிற எவரும் தன் படகு சுனாமி போட்டு என்று ஒப்புக்கொள்வதில்லை. “அதுக்கப்புறம் அடிச்சதுண்ணே” என்பதுதான் எல்லோர் பதிலும்.

எஞ்சின் மாட்டும் பின்பலகைதான் நம்மவரின் உச்சக்கட்டம். ஃபைபருக்கு நடுவே பிளைவுட் வைத்த இடம் அது. போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் போனால் பலகை உளுத்துவிடும். அதிலும் உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் மரத்துக்கு எமன். உப்பில் பூஞ்சணம் தலைதூக்காது. வெறும் தண்ணீர் கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம். கடலுக்கே போகாமல், கவிழ்த்தும் வைக்காமல், மூன்று ஐப்பசி கார்த்திகை நனைந்த படகில் என்ன இருக்கும்? நம்மவர் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். கைப்பிடி வரை இறங்கியது. கேக்கில் கத்தி இறங்கினால்கூடச் சிலர் இவ்வளவு மகிழ மாட்டார்கள்.

காரணம் இருக்கிறது. 80,000 என்று ஆரம்பித்த விலை, சாக்பீஸ் வட்டங்களுக்கு 65,000 ஆயிற்று. கொப்புளங்களுக்கு 55,000. பின்பலகைக்கு 42,000. எஞ்சினை முடுக்கியபோது நீலப் புகை வந்தது, அதாவது எண்ணெயும் சேர்ந்து எரிகிறது. ஆயில் குச்சியை உருவினால் பால்காப்பி நிறம், அதாவது உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. “ஒரு வாரமா ஓட்டலைண்ணே, அதான்” என்றார் விற்கிறவர். விலை 35,000. இந்த மனிதரின் சூட்சுமம் இதுதான்: ஒவ்வொரு குறையும் விலையைக் குறைக்கிறது, குறைந்த விலை ஆசையைக் கூட்டுகிறது. ஓட்டையே இல்லாத படகாக இருந்திருந்தால் எப்போதோ வீட்டுக்குப் போயிருப்பார்.

துணைக்கு ஒரு பெரியவரை அழைத்து வந்திருந்தார், நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். அவர் காசும் தட்டவில்லை, குனியவும் இல்லை. பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பையனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “இந்தப் போட்டைத் தள்ள எத்தனை பேர் வேணும்?”

“முன்ன ஆறு பேர். இப்ப பத்து.”

மிதப்புக்காக உள்ளே வைத்த ஃபோம் தண்ணீர் குடித்துக் கனத்துவிட்டது என்று அர்த்தம். “தம்பி, விட்டுடு” என்றார் பெரியவர்.

“குறையெல்லாம் தெரிஞ்சுதானே வாங்குறோம் பெரியவரே?”

மீன்வளத் துறைப் பதிவும் வரிவிலக்கு டீசலும் இந்தப் படகுக்கு உண்டா, ஏலக்காரரிடம் வாங்கிய முன்பணம் அடைந்ததா, பாக்கி இருந்தால் பிடிக்கிற மீன் அவரிடமே போக வேண்டுமா என்பதெல்லாம் பெரியவர் கேட்கச் சொன்னவை. நம்மவர், “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்றார். காகிதத்தைக் காசால் தட்டிப் பார்க்க முடியாதே.

அடுத்து ஒரு பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். ரெசின், பாய், பிளைவுட், எஞ்சின் வேலை, பெயிண்ட். கூட்டிப் பார்த்தார். ஓடுகிற நிலையில் ஒரு நல்ல பழைய படகின் விலையைத் தாண்டியது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, பெயிண்டை அடித்தார்: “நாமளே அடிச்சுக்கலாம்.” அப்போதும் தாண்டியது. கூலியை அடிக்கலாமென்றால் அதை அவர் எழுதவே இல்லை. கடைசியில் பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“32,000.”

“சரிண்ணே.”

இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதும் நம்மவருக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. படகின் மேல் அல்ல. 28,000 கேட்டிருக்கலாமோ என்று. ஈடுகட்ட, “நங்கூரமும் கயிறும் சேர்த்துத்தானே?” என்றார்.

“நங்கூரம் எடுத்துக்கங்க. கயிறு தம்பியோடது. ஆனா நாளைக்குள்ள போட்டை எடுத்துடணும்ணே, அந்த எடத்துல புது போட்டு வருது.”

பெரியவர் டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டார். லாரி வரைக்கும் தள்ளப் பத்துப் பேர் வேண்டுமே, அவர்களுக்கு யார் கூலி கொடுப்பது என்று பேரம் மறுபடி ஆரம்பமாயிற்று.