கூரை இறங்கு விதி: பறவை மனிதரைப் பற்றிய ஓர் ஆய்வுரை

இறக்கை உள்ளவனுக்கு வானம் சொந்தம் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவோரிடையே இந்த நம்பிக்கை செல்லுபடியாகாது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்த ஆட்டம் இது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். இன்னொருவர் மீதி உலகம் முழுவதையும், அதில் வாழும் பூதங்கள், கள்வர்கள், சத்திரக்காரர்கள் உட்பட, தனியாளாக நடத்துவார். அவர் பெயர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். எடுத்த காரியம் பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். அறையின் கூரை எவ்வளவு உயரம் என்பதை மட்டும் பகடை சொல்லாது, டி.எம். சொல்வார். இந்த ஆய்வு முழுவதும் அந்த ஓர் அதிகாரத்தின் மேல்தான் நிற்கிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இனம் ஆரகோக்ரா. பறவைத் தலை, மனித உடல், இறக்கை. 1981இல் ஃபீண்ட் ஃபோலியோ என்ற பூதத் தொகுப்பில் முதன்முதலாகத் தலைகாட்டியது. பழைய பதிப்புகளின்படி ஐந்தடி உயரம், இருபதடி இறக்கை விரிவு. கைகளோ இறக்கையின் நடுவில் முளைத்தவை. பறக்கும்போது கை இறக்கையாகிவிடுவதால் ஈட்டியைக் காலால் பற்றிக்கொண்டு போரிட வேண்டும். இன்றைய ஆட்டக்காரர்களின் ஆரகோக்ராவோ நடுவானில் நின்றபடி நெடுவில்லை நாண் இழுத்து எய்கிறது. கை எங்கிருந்து வந்தது என்று கேட்க மேசையில் ஒருவருக்கும் துணிவில்லை.

2015இல் எலிமெண்டல் ஈவில் பிளேயர்ஸ் கம்பேனியன் என்ற இலவச வெளியீடு, ஐந்தாம் பதிப்பில் இந்த இனத்தை ஆட்டக்காரர் கையில் கொடுத்தது. எடை 80 முதல் 100 பவுண்டு. மூன்று வயதில் முழு வளர்ச்சி, முப்பதைத் தாண்டுவது அபூர்வம். பக்கத்து நாற்காலியிலுள்ள எல்ஃப் பாத்திரம் 750 வயது வரை வாழும். அந்த எல்ஃப் பெரியவர்தான், இருட்டான பள்ளத்தாக்கைக் காட்டி, மூன்று வயதுப் பிள்ளையிடம், “நீ முதல்ல பறந்து போய் என்ன இருக்குன்னு பாத்துட்டு வா” என்கிறார். குழந்தைத் தொழிலாளர் குறித்து இந்த ஆட்டத்தின் விதிநூல்கள் ஒரு வரியும் எழுதவில்லை.

இவ்வளவு எடையுள்ள உடல் பறக்குமா என்பது அடுத்த ஐயம். இன்று பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றுள் ஒன்றான ஆப்பிரிக்கக் கோரிக் கானமயில் ஏறத்தாழ 18 கிலோ. ஆரகோக்ராவோ 36 முதல் 45 கிலோ. நம்பிக்கை இழக்கும் நேரத்தில் அர்ஜென்டினா கைகொடுக்கிறது. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்த அர்ஜென்டாவிஸ் என்ற பறவை ஏறத்தாழ 70 கிலோ எடையும், ஆறு ஏழு மீட்டர் இறக்கை விரிவும் கொண்டிருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் பாதி எடையும் கிட்டத்தட்ட அதே இறக்கையும் உள்ள ஆரகோக்ரா தாராளமாகப் பறக்கலாம். இயற்பியல் அனுமதித்துவிட்டது. தடை வேறெங்கோ இருக்கிறது.

வேகத்தில் இருக்கலாமோ? 2015 விதிப்படி பறக்கும் வேகம் ஒரு சுற்றுக்கு 50 அடி. ஒரு சுற்று என்பது ஆறு வினாடி. கணக்கிட்டால் மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம் வருகிறது. இரை தேடும் பருந்து அல்ல, பால்காரர் சைக்கிளே முந்திவிடும் வேகம். இதுவும் அதிகம் என்று தோன்றியிருக்க வேண்டும். 2022இல் வந்த மான்ஸ்டர்ஸ் ஆஃப் தி மல்டிவர்ஸ் நூல் பறக்கும் வேகத்தை நடக்கும் வேகத்துக்குச் சமமாக, 30 அடியாகக் குறைத்தது. மணிக்கு ஐந்தரைக் கிலோமீட்டர். காலையில் பூங்காவில் சர்க்கரை நோய்க்காக நடப்பவர்கள் இந்த வேகத்தை எட்டுகிறார்கள். உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது என்பார்கள். இங்கே பருந்தையே குருவியாக்கித் திருத்தம் வெளியிட்டார்கள்.

ஆக வேகத்தாலும் ஆபத்தில்லை. பின் எதற்கு இவ்வளவு பயம்? பயம் இருப்பது உண்மை. அதிகாரபூர்வப் பொது ஆட்டங்களை நடத்தும் அட்வென்ச்சரர்ஸ் லீக், இனம் வெளியான காலத்தில் ஆரகோக்ராவுக்கு இடமில்லை என்றே சொல்லிவிட்டது. மந்திரவாதி பறக்கும் மந்திரத்தைக் கற்பது ஐந்தாம் லெவலில். ஆரகோக்ரா முதல் லெவலில், முட்டையிலிருந்து வந்தபடியே பறக்கிறது. ஐந்தாம் லெவலுக்குள் டி.எம். வைத்திருக்கும் சொத்து என்ன? பள்ளம், ஆறு, மதில், உடைந்த பாலம். எல்லாமே தரையில் நடப்பவரை நம்பிப் போட்ட முதலீடு.

இதன் உச்சத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவது ஆய்வாளர் கடமை. 2014ஆம் ஆண்டு மான்ஸ்டர் மேனுவல் நூலின் கடைசிப் பயங்கரம் டராஸ்க். ஐம்பதடி உயரம், 676 உயிர்ப்புள்ளிகள், சவால் அளவு 30. அதற்கு மேல் அளவே கிடையாது. ஆனால் அதனால் பறக்க முடியாது, தூரத்திலிருப்பவரைத் தாக்கவும் வழியில்லை. முதல் லெவல் ஆரகோக்ரா பூசாரி ஒருவர் அதன் தலைக்கு மேல் அறுபதடியில் நின்றுகொண்டு, அவருக்கு வரம்பின்றிக் கிடைக்கும் சேக்ரட் ஃபிளேம் என்ற சின்ன மந்திரத்தை ஆறு வினாடிக்கு ஒருமுறை போடுகிறார் என்று வையுங்கள். மந்திரத்தைத் திருப்பியடிக்கும் டராஸ்க்கின் ஓடு, இவ்வகை மந்திரத்துக்குப் பொருந்தாது. டராஸ்க்கைப் பார்த்துப் பூசாரி நடுங்கினாலும் பரவாயில்லை. நடுங்குகிறவர் போட்டாலும் இந்த மந்திரம் அதே அளவுதான் சுடும். பூசாரியின் ஞானம் 16 என்று கொண்டு, டராஸ்க்கின் மந்திர எதிர்ப்பையும் கழித்துப் பார்த்தால், சராசரியாக ஒரு சுற்றுக்கு ஒன்றரைப் புள்ளிக்குச் சற்று மேல் சேதம். மொத்தம் முக்கால் மணி நேரத்துக்குள் உலகை விழுங்க வந்த பூதம் உயிரை விடும். நேற்றுத்தான் பூசாரியான, மூன்று வயதுப் பறவையின் கையால்.

நடைமுறையில் எந்த டி.எம்.மும் அந்த முக்கால் மணி நேரம் டராஸ்க்கைச் சும்மா நிற்க வைக்கமாட்டார். பாறையைப் பிடுங்கி எறியச் செய்வார். 2025இன் புதிய மான்ஸ்டர் மேனுவலில் டராஸ்க்குக்குத் தொலைவிலுள்ளவரையும் தாக்கும் பெருமுழக்கம் ஒன்றைச் சேர்த்தார்கள். வேறு காரணங்களும் இருக்கலாம். இந்த ஆய்வாளருக்கு அவை தேவைப்படவில்லை.

இனி விதிக்கு வருவோம். ஒரு மேசையில் பறக்கும் பாத்திரம் சேர்ந்த கணத்திலிருந்து அவ்வுலகின் கூரைகள் இறங்கத் தொடங்குகின்றன. இதைக் கூரை இறங்கு விதி என்று அழைக்கலாம். களத்தில் இது செயல்படும் விதம் பின்வருமாறு. டி.எம். முந்தின இரவு கண்விழித்து வரைந்த பள்ளம்: இருபதடி அகலம், முப்பதடி ஆழம், அடியில் கூர்முனைக் கம்பிகள், ஒரு கம்பியில் மாட்டிய பழைய எலும்புக்கூடு, அதன் கழுத்தில் ஒரு சாவி. நடக்கும் நால்வர் கயிறு, கொக்கி, பலகை என்று அரை மணி நேரம் விவாதிப்பார்கள் என்பது அவர் கணக்கு.

“நான் பறந்து அந்தப் பக்கம் போறேன்.”

டி.எம். தம் காகிதங்களை ஒருமுறை புரட்டுகிறார். “கூரை ரொம்பத் தாழ்வு.”

“எவ்வளவு?”

“ஆறடி.”

“இப்பத்தானே இருபதடிச் சிலை நிக்குதுன்னீங்க?”

“அது அந்த அறையில.”

அதே மாலையில் குகைக்கு வெளியே காற்று பலமாகிறது, காட்டில் மரங்கள் நெருங்குகின்றன. தடி தவிர வேறறியாத கோப்ளின்கள் அத்தனை பேரும் வில் வித்தையில் தேர்ச்சி பெறுகிறார்கள். ஒரு கேள்வி மட்டும் இன்றும் விடை கிடைக்காமல் நிற்கிறது. இருபதடி இறக்கை விரிவு வரைபடத்தில் ஐந்தடிக் கட்டங்கள் நான்கைப் பிடிக்க வேண்டும். விதிப்படி ஆரகோக்ரா ஒரே கட்டத்தில் நிற்கிறது. மிச்ச மூன்று கட்ட இறக்கை எங்கே மடிகிறது? டி.எம். இதைக் கேட்கத் தொடங்கினால் கூரையை இறக்க வேண்டிய அவசியமே இருக்காது, சுவரே போதும். அவர் கேட்பதில்லை. கேட்டால் டிராகனின் இறக்கையையும் அளக்க வேண்டிவரும்.

பழைய நூல்கள் இந்த இனத்துக்கு அடைபட்ட இடமென்றாலே பெரும் அச்சம், குகைக்கோ கட்டடத்துக்கோ விருப்பப்பட்டு நுழையாது என்று எழுதியிருந்தன. ஆட்டத்தின் பெயரிலேயே நிலவறை இருக்கிறது. இப்படி ஓர் இனத்தை இந்த ஆட்டத்தில் படைத்தவரின் மனநிலை தனி ஆய்வுக்குரியது.

விழுதல் குறித்து விதிகள் கொஞ்சமும் இரக்கம் காட்டுவதில்லை. பறக்கும் உயிரின் வேகம் எக்காரணத்தாலோ பூஜ்யமானால், அல்லது அது குப்புறத் தள்ளப்பட்டால், நேரே கீழே. பத்தடிக்கு ஓர் ஆறுமுகப் பகடைச் சேதம். ஐம்பதடியிலிருந்து விழும் முதல் லெவல் மந்திரவாதிக்குச் சராசரி பதினேழரைப் புள்ளி. அவருடைய மொத்த உயிரே ஆறு என்றால், பன்னிரண்டிலேயே உடனடி மரணம். காப்பாற்றும் பகடை உருட்டும் மரியாதைகூடக் கிடையாது. ஒரு வலை மேலே விழுந்தால் போதும். ஆகவே அனுபவமுள்ள ஆரகோக்ரா மந்திரவாதிகள் முதலில் கற்பது ஃபெதர் ஃபால், அதாவது இறகு போல மெல்ல இறங்க வைக்கும் மந்திரம். உடம்பெல்லாம் இறகு உள்ளவர், இறகு மந்திரத்தை ஏட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறார்.

இத்தனைக்கும் பிறகு அவருக்குக் கிடைக்கும் வேலை என்ன? சுமை தூக்குவது. பலம் 10 உள்ளவர் 150 பவுண்டு சுமக்கலாம். ஹாஃப்லிங் இனத்தவர் 40 பவுண்டுதான், ஆகவே அவர் நிரந்தரப் பயணி. குள்ளர் சராசரி 150 பவுண்டு. பறவை தன் மூட்டையைக் கீழே போட்டுவிட்டால், ஆடையின்றி அவரைத் தூக்கலாம். 55 பவுண்டு சங்கிலிக் கவசத்தைக் கழற்ற எந்தக் குள்ளரும் சம்மதித்ததாகத் தெரியவில்லை. இந்த வாகனக் கோட்பாட்டுக்குத் திரையுலகச் சான்றும் உண்டு. 2023இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஹானர் அமாங் தீவ்ஸ் படத்தில் சிறையிலிருக்கும் நாயகன், விடுதலையை முடிவு செய்யும் குழுவின் முன் நின்று, ஜார்நத்தான் வரட்டும், ஜார்நத்தான் வரட்டும் என்று இழுத்தடிக்கிறான். ஜார்நத்தான் ஆரகோக்ரா இனத்தவர், குழு உறுப்பினர். அவர் வந்ததும் நாயகனும் கூட்டாளியும் அவரைக் கட்டிப்பிடித்து ஜன்னல் வழியே குதிக்கிறார்கள். பின்னால் அவர்களுக்கு விடுதலை வழங்கியாயிற்று என்ற குரல் கேட்கிறது. நீதி வழங்கும் பதவியில் இருந்தும், இறக்கை கண்ணில் பட்டதால் மனிதர் வண்டியாகிவிட்டார்.

தீர்வாக இக்கட்டுரை முன்வைப்பது ஒன்றுதான்: மேசையில் உள்ள அனைவரும் ஆரகோக்ராவாகப் பிறக்க வேண்டும். தூக்க வேண்டிய குள்ளர் இல்லை, தரையில் காத்திருப்போர் இல்லை. 2014 மான்ஸ்டர் மேனுவலில், ஐந்து ஆரகோக்ராக்கள் சேர்ந்து மூன்று சுற்று வானில் நடனமாடினால் காற்றுப் பூதம் ஒன்று வந்து உதவும் என்றிருக்கிறது, டி.எம்.மிடம் கெஞ்சினால் அந்த வரமும் கிடைக்கலாம். ஒருமித்து முடிவெடுத்து, பாத்திரத் தாள்களை நிரப்பி, ஐவரும் ஆவலோடு நிமிர்ந்து பார்க்கும்போது டி.எம். புதிய கதையின் முதல் வரியைப் படிப்பார்: “நீங்க எல்லாரும் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள கண்விழிக்கிறீங்க.”