பத்து சதவீத ஞானம்

அனுப்புநர்: எம்.இ. ஸ்ட்ரக்சுரல் இரண்டாமாண்டு மாணவன்.
பெறுநர்: முதுநிலைத் திட்டப்பணிக் குழு, சிவில் துறை.
பொருள்: திட்டப்பணித் தலைப்பை மாற்றக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய குழுவினருக்கு,

'கான்கிரீட்டில் சிமெண்டுக்குப் பகுதி மாற்றாக முட்டை ஓட்டுத் தூள்' என்ற தலைப்பை எனக்கு அருளியதற்கு நன்றி. கரும்புச் சக்கைச் சாம்பல், உமிச் சாம்பல், பளிங்குத் தூள் எல்லாவற்றையும் சீனியர்கள் போட்டுப் பார்த்துவிட்டதால் என் தலைமுறைக்கு முட்டைதான் மிச்சம்.

நூலகத்தில் அவர்களுடைய தீசிஸ்களைப் புரட்டினேன். 5, 10, 15, 20 சதவீதம் என்று கலக்கிறார்கள். பத்தில் வலிமை உச்சம் தொடுகிறது, அப்புறம் இறங்குகிறது. சாம்பலானாலும் பளிங்கானாலும் பத்துதான். இயற்கையின் இந்த ஒழுக்கத்தை நம்பி முடிவுரையை இப்போதே எழுதிவிட்டேன். எம்30 கலவைக்கு இலக்கு வலிமை சதுர மி.மீ.க்கு 38.25 நியூட்டன், என் பத்து சதவீதக் க்யூப் 38.9 தந்திருக்கிறது. இனி அதை வார்ப்பதுதான் பாக்கி.

வார்ப்பதிலிருந்து விலக்கு கிடைக்குமா? 150 மி.மீ. க்யூப் ஒன்று எட்டு கிலோ. எதுவும் கலக்காததையும் சேர்த்து ஐந்து கலவை, 7 நாள், 28 நாள், ஒவ்வொன்றுக்கும் மூன்று என்றால் முப்பது க்யூப், கால் டன் சுமை. லேப்புக்குப் பின்னால் கிடக்கும் பழைய க்யூப்கள் பல ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கின்றன. அவற்றின் முடிவுகள் மட்டும் தீசிஸில் ஏறிவிட்டன. டீக்கடை அண்ணன் நாலைந்தை எடுத்துப் பெஞ்சுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார். நம் ஆராய்ச்சி களத்துக்குப் போனது அவர் புண்ணியத்தில்தான்.

முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் சரக்குதான். ஆலையில் களிமண்ணோடு சேர்த்து 1,450 டிகிரி வாக்கில் சுட்டால்தான் அது கிளிங்கராகும். சுடாத ஓடு இண்டு இடுக்கை நிரப்பும். சிமெண்டின் வேலையைச் செய்யாது. சாம்பல் எல்லாமே வீண் என்று சொல்லவில்லை. அனல்மின் நிலையத்து ஃபிளை ஆஷ் பி.பி.சி. சிமெண்ட் மூட்டையாகவே கடைக்கு வந்துவிட்டது, ஐ.எஸ். 1489 அதை 35 சதவீதம் வரை அனுமதிக்கிறது. பத்தைத் தாண்டிய அந்த அத்துமீறலை நம் குழு மன்னித்திருக்குமா என்பதுதான் சந்தேகம்.

எனவே வேறு தலைப்பு கோருகிறேன்: நம் துறைக் கட்டடத்தின் தரைத்தளத் தூண். கம்பியை மூடிய கான்கிரீட் கவர் உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. ஃபீனாஃப்தலீன் தெளித்தால் நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு தின்ற இடம் நிறம் மாறாது. எவ்வளவு ஆழம் தின்றிருக்கிறது என்று அளந்துவிடலாம். ரீபவுண்ட் ஹேமரும் அல்ட்ராசோனிக் கருவியும் கண்ணாடி பீரோவில் இருக்கின்றன. அங்கீகாரக் குழு வரும்போது நாங்கள் வரிசையாக நின்று தரிசித்திருக்கிறோம்.

முடிவு பாதகமாக வந்து கட்டடத்தை மூடவேண்டி வருமோ என்று அஞ்ச வேண்டாம். சேதம் பத்து சதவீதம், அதுவே உகந்த அளவு என்று எழுதித் தருகிறேன்.

பீரோ சாவி யாரிடம் என்று தெரிவித்தால் போதும். அடுத்த அங்கீகாரக் குழு வருவதற்கு முந்தின நாளே கருவிகளைத் துடைத்து, பழைய இடத்தில் வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்