சண்டைக் களத்தில் காதல் பாட்டு: ஒரு திணைமயக்க ஆய்வு

தலைவன் தனியே நிற்கிறான். எதிரே பத்துப் பேர். கையில் அரிவாள், இரும்புக் கம்பி; ஒருவன் கையில் மட்டும் ஏனோ சைக்கிள் செயின். தலைவன் நிதானமாகச் சட்டைக் கையை மடித்துவிடுகிறான். முரசு அதிர வேண்டிய இடம், கொம்பு ஊத வேண்டிய இடம். அங்கே எங்கிருந்தோ 1990-களின் காதல் பாட்டு ஒன்று இடுப்பை ஆட்டிக்கொண்டு வருகிறது. தியேட்டர் கூரை பிய்கிறது.

இது ஏன் என்பதே இக்கட்டுரை நுதலிய பொருள். இத்துறையில் முன்னாய்வு எதுவும் இவ்வாய்வாளரின் கைக்கு எட்டவில்லை. தேடவும் இல்லை.

முதலில் எல்லை வகுத்துக்கொள்வோம். ரீமிக்ஸ் வேறு, இது வேறு. 2000-களில் பழைய பாட்டைக் கையில் எடுத்தவர்கள் அதைச் சும்மா விட்டதில்லை. 'சொர்க்கம்' (1970) படத்துப் பொன்மகள், 2007-இல் ஏ.ஆர். ரஹ்மான் கையால் 'அழகிய தமிழ் மக'னில் மறுபடி வந்தாள். 1980 'பில்லா'வுக்கு எம்.எஸ்.வி. போட்ட பாட்டை அதே 2007-இல் புது 'பில்லா'வுக்காக யுவன் புதுக்கினார். அதெல்லாம் உரையாசிரியர் வேலை. மூலத்தை எடுத்துவைத்து, நடுநடுவே தம் கருத்தைப் புகுத்தி, போதாக்குறைக்கு நாலு வரி ராப்பும் சேர்ப்பது. இப்போது நடப்பதோ மூலபாடப் பதிப்பு. ஒரு சொல் மாறாது, ஒரு தபேலா அடி குறையாது. அடியில் பேஸ் மட்டும் கொஞ்சம் கனக்கும். உ.வே.சா. இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று சொல்லத் துணியேன். சண்டை எவ்வளவு உக்கிரமாக நடந்தாலும் அவர் பாடபேதம்தான் தேடிக்கொண்டிருப்பார்.

சரி, காதல் பாட்டுக்குச் சண்டையில் என்ன வேலை? அகம் அகம்தான், புறம் புறம்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே?

படித்தது பாதிதான். தொல்காப்பியப் புறத்திணையியல் ஒவ்வொரு புறத்திணையையும் ஓர் அகத்திணையின் புறம் என்றே அறிமுகப்படுத்துகிறது. வெட்சி குறிஞ்சிக்குப் புறம், வஞ்சி முல்லைக்குப் புறம், தும்பை நெய்தலுக்குப் புறம். ஆக, போர் என்பது காதலின் முதுகு. 'கைதி' (2019) படத்தை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாக ஓட்டிப் போகிறான் நாயகன் டில்லி. வழியெல்லாம் கூட்டம் கூட்டமாக வந்து மறிக்கிறார்கள். இது என்ன? ஆநிரை கவர்தலும் மீட்டலும், அச்சு அசலாக. ஆவினம்தான் வேறு. வெட்சி நடப்பதும் இரவில், குறிஞ்சிக்குரிய சிறுபொழுதான யாமமும் இரவே. இரண்டும் ஊர் தூங்கும் நேரத்துக் களவு. அப்படிப்பட்ட படத்துக்குள் பாலுமகேந்திராவின் 'மறுபடியும்' (1993) படத்துக்கு இளையராஜா போட்ட ஆசைப் பாட்டு வந்து புகுந்ததில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. இயக்குநர் லோகேஷ் கனகராஜ் புறத்திணையியல் படித்துவிட்டுத்தான் வைத்தாரா என்பது இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

என் மாமியார் இந்த முடிவை ஏற்கவில்லை. படம் டிவியில் ஓடியபோது அவர் சொன்னது: "ஏங்க மாப்ள, இந்தப் பாட்டு ரேடியோல வந்தா அடுப்ப அணைச்சுட்டு வந்து உக்காந்து கேப்பேன். இந்த ரகளைக்கு நடுவுல போட்டிருக்கானுவளே!" சொல்லிவிட்டு, பாட்டு முடியும் வரை எழுந்து போகவில்லை. இது இரண்டாம் நிலைச் சான்று.

ஆனால் தொல்காப்பியர் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டவர் அல்லர். அகத்திணையியலில் அவர் விதி தெளிவானது: திணை மயங்கலாம், நிலம் மயங்கக் கூடாது. குறிஞ்சிக்குரிய ஒழுக்கம் நெய்தலில் நடக்கலாம். மலையே கடற்கரையாக முடியாது. 'லியோ' (2023) இங்கேதான் வழுக்குகிறது. கதை நடப்பது இமாசலப் பிரதேசத்துத் தியோக் ஊரில். நாயகன் பார்த்திபன் பனியில் காப்பிக் கடை நடத்துபவன். அந்தப் படத்தில் 'ஏழையின் சிரிப்பில்' (2000) படத்துக்குத் தேவா போட்ட கருப்பாயியும், 'பசும்பொன்' (1995) படத்தில் வித்யாசாகர் போட்ட தாமரைப் பூவும் வருகின்றன. பனிப்பிரதேசத்துக்கு ஐந்திணையிலேயே இடம் கிடையாது. அங்கே தாமரை எங்கே பூக்கும்? இந்த வழுவை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்ல முயன்றேன். அவர் விசிலடித்துக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை.

நிலம் மயங்காமல் பாட்டை வைத்துக் காட்டியது ஒரு மலையாளப் படம். 'குணா' (1991) படத்துக் கடிதப் பாட்டு எந்தக் குகையோடு சேர்த்து நம் நினைவில் பதிந்ததோ, அதே கொடைக்கானல் குகையில், 2006-இல் நிஜமாகவே குழிக்குள் விழுந்த ஒருவனை அவன் நண்பன் இறங்கித் தூக்கிய கதைதான் 2024-இல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'. மேலே வந்து சேரும் அந்த நொடியில் பாட்டு கிளம்புகிறது. மனநிலை பிறழ்ந்த ஒருவன் தன் காதலிக்குச் சொல்லச் சொல்ல அவளே எழுதிய கடிதம், 33 ஆண்டு கழித்து, ரத்தமும் சேறுமாகக் கிடக்கும் நண்பனிடம் போய்ச் சேர்கிறது. முகவரி மாறிப் போன கடிதம் சரியான ஆளிடமே போய்ச் சேர்வது தபால் துறை வரலாற்றில் அரிது. நானும் அழுதேன். ஆய்வாளர் அழலாமா என்பது பற்றி நெறிமுறை நூல்களில் தெளிவான விதி இல்லை.

ஓர் ஆட்சேபம் எழும். அகப்பாட்டைப் புறத்துக்கு இழுப்பது இந்தத் தலைமுறையின் அடாவடி அல்லவா? இல்லை. கடன் முதலில் எதிர்ப்பக்கமாகப் போனது. புறநானூற்றின் 112-ஆம் பாட்டு கையறுநிலை. தந்தையும் போய், பறம்பு மலையும் போன பின், பாரி மகளிர் நிலவைப் பார்த்துச் சொன்னது. அதன் தொடக்கச் சொற்கள் 1997-இல் 'இருவர்' படத்து 'நறுமுகையே' பாட்டுக்குள் போய், அழகான காதல் டூயட் ஆயின. அன்றைக்குப் பாரி மகளிர் சார்பில் யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை. புறம் அகத்துக்குப் போனது 1997-இல். அகம் புறத்துக்குத் திரும்புவது இப்போது. பற்றும் வரவும் நேராகிவிட்டது.

இனி, எந்தப் பாட்டைத் தேர்வது என்னும் நுட்பமான பகுதி. எல்லாருக்கும் தெரிந்த சூப்பர்ஹிட் உதவாது. கல்யாண மண்டபத்தில் போன வாரம்தான் கேட்டிருப்போம், புல்லரிக்காது. யாருக்கும் தெரியாத பாட்டும் உதவாது. தேவை, அரைமறதியில் கிடக்கும் பாட்டு. முதல் இரண்டு அடி வந்ததும் "ஏய், இது அதுல்ல?" என்று பக்கத்தில் இருப்பவரின் தொடையில் தட்டவைக்க வேண்டும், எந்தப் படம் என்று கேட்டால் சொல்லத் தெரியக் கூடாது. இதற்கு மிகச் சிறந்த உதாரணம் 2022 'விக்ர'மில் வந்த வத்திக்குச்சிப் பாட்டு. மூலம் 1995-இல் வந்த 'அசுரன்', இசை ஆதித்யன். (தனுஷ் நடித்த 'அசுரன்' அன்று, அது 2019.) படம் மறந்தது, பாட்டு எங்கே உயிரோடு இருந்தது? மினி பஸ்ஸில். தமிழ்நாட்டு இசை ஆவணக் காப்பகம் சென்னையில் எந்தக் கட்டடத்திலும் இல்லை. அது டவுன் பஸ்ஸிலும் மினி பஸ்ஸிலும் டிரைவர் சீட்டுக்கு மேலே, ஊதுவத்திப் புகையும் டீசல் புகையும் படிந்து ஓடிக்கொண்டிருக்கிறது. காப்பாளர் காக்கிச் சட்டை போட்டிருப்பார். எந்தப் பாட்டை எந்தத் திருப்பத்தில் போட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நம் இளம் இயக்குநர்கள் பலர் பின்சீட்டில் உட்கார்ந்து பாடம் கேட்டவர்கள் என்பது என் ஊகம்.

ஹாலிவுட்டிலும் பழைய பாட்டு உண்டு. ஆனால் முறை வேறு. 2010-இல் 'தி சோஷியல் நெட்வொர்க்' டிரெய்லரில் ரேடியோஹெட் குழுவின் ராக் பாட்டை ஒரு பெல்ஜியப் பெண்கள் குழு தேவாலயத்துப் பாட்டுபோல மெல்லப் பாடியது. 2014-இல் 'அவெஞ்சர்ஸ்' டிரெய்லருக்கு 1940-ஆம் ஆண்டின் 'பினோக்கியோ' பாட்டை எடுத்துப் பேய்க்குரல் ஆக்கினார்கள். பிறகு எந்த டிரெய்லரைப் போட்டாலும் பியானோ ஒற்றை ஒற்றையாகச் சொட்ட, ஒரு பெண் குரல் தூக்கக் கலக்கத்தில் பாடும். அவர்கள் பாட்டின் உயிரை எடுத்து ஆவியை மட்டும் அழைக்கிறார்கள். நாம் பாட்டை முழு உடம்போடு கூட்டிவந்து, கையில் அரிவாள் கொடுக்கிறோம்.

இதுவரை சொன்ன எதிலும் அடங்காத ஒரு வழக்கு 'லப்பர் பந்து' (2024). அங்கே மைதானத்துக்குள் மட்டையோடு நடந்து வரும் கெத்து என்னும் பாத்திரத்துக்கு விஜயகாந்தின் 'பொன்மனச் செல்வன்' (1989) படத்துத் தங்கக்குடப் பாட்டு ஒலிக்கிறது. கெத்து விஜயகாந்த் ரசிகன். விஜயகாந்த் மறைந்தது 2023 டிசம்பர் 28. படம் வந்தது அடுத்த செப்டம்பரில். ஒன்பது மாதத்துக்குள், ரப்பர் பந்து கிரிக்கெட் மைதானத்தில், ஒரு ஸ்பீக்கர் வழியாக அவருக்கு நடுகல் நட்டார்கள். என் முன்வரிசையில் இருந்த ஒருவர் பாட்டு தொடங்கியதும் கைக்குட்டையை எடுத்தார். நடுகல்லுக்குப் புறத்திணையியலில் இடம் உண்டு. இதற்கு மேல் இங்கே ஆராய ஒன்றும் இல்லை.

உரிமை விஷயத்தைத் தொடாமல் போக முடியாது. பாட்டுடைத் தலைவன் என்றால் பாடப்பட்டவன் என்று பாட்டியல் சொல்லும். நீதிமன்றம் கேட்பது வேறு: பாட்டை உடைய தலைவன் யார்? படத்துக்காகக் கூலி வாங்கிக்கொண்டு செய்து கொடுத்தது, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, தயாரிப்பாளருக்கே என்றது 1977-இல் உச்ச நீதிமன்றம். 2012-இல் சட்டத்தைத் திருத்தி, கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு வைத்தார்கள். 2024 மே மாதம் இளையராஜா தரப்பு நோட்டீஸ் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' குழுவுக்கும் போனது, 'தங்க மகன்' (1983) பாட்டை டீசரில் வைத்த 'கூலி' குழுவுக்கும் போனது. 2025-இல் 'குட் பேட் அக்லி'யில் அவருடைய மூன்று பாட்டுகள். 5 கோடி ரூபாய் கேட்டார். செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தேவா வேறு கட்சி. தாம் உரிமை கேட்பதில்லை, இந்தப் படங்களால்தான் இன்றைய பிள்ளைகளுக்கும் தம்மைத் தெரிகிறது என்று மேடையிலேயே சொன்னவர். என்னைக் கேட்டால், ஒரு சண்டைக் காட்சியின் பாதி வேலையை முப்பது ஆண்டுக்கு முன்பே ஒருவர் முடித்துவைத்திருக்கிறார். அவருக்குக் கூலி கொடுப்பதில் என்ன தயக்கம்? நோட்டீஸ் வாங்கிய ஒரு படத்தின் பெயரே 'கூலி'தானே.

தேவா சொன்ன அந்தப் பிள்ளைகளில் ஒருவன் என் வீட்டில் இருக்கிறான். வயது பத்து. போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் பெரிய திரையில் பழைய பாட்டுகளாக ஓடிக்கொண்டிருந்தன. பிரபுதேவா கருப்பாயிக்கு ஆடினார். பையன் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். முகம் சிவந்துவிட்டது.

"அப்பா, லியோ பாட்ட இவங்க எப்படிப்பா காப்பி அடிக்கலாம்?"

விளக்கினேன். ஆண்டுக் கணக்கைச் சொன்னேன், தேவா பெயரைச் சொன்னேன், திணைமயக்கம் வரை போனேன். கேட்டுவிட்டு, "அப்ப விஜய் அங்கிள்கிட்ட பர்மிஷன் வாங்கினாங்களா?" என்றான். மூலமும் வழிநூலும் இப்படித்தான் இடம் மாறும் என்று குறித்துக்கொண்டு, பாயசத்துக்குக் கை நீட்டினேன்.

கடைசியாக வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆய்வில் ஓர் ஓட்டை இருக்கிறது. 1995-இல் வந்த 'அசுரன்' படத்தை, பாட்டு வரும் இடத்தை மட்டும் அல்ல, தொடக்கம் முதல் 'வணக்கம்' வரை தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தவர் எவரேனும் இருந்தால் அன்புகூர்ந்து தெரிவிக்கவும். அந்தப் பாட்டு முதல் முறை எந்தத் திணையில் வந்தது என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். இரண்டாம் பதிப்பில் அவர் பெயர் நன்றியுடன் இடம்பெறும். போக்குவரத்துச் செலவு தரப்படமாட்டாது.