ரொம்ப ஈஸிங்க, உட்காருங்க

“ஆட ஆடத் தானா வந்துடும்” என்றுதான் பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுக்குப் புதியவரை உட்காரவைப்பார்கள். மறுநிமிஷம் முந்நூறு பக்க விதிநூல் மேசையில் தொப்பென்று விழும். 1974இல் அமெரிக்காவில் இந்த வகை ஆட்டமான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வந்தபோது பெட்டிக்குள் இருந்தவை மூன்றே சின்னக் கையேடுகள். (அதைச் சொல்லிவிடாதீர்கள், மூன்றையும் கரைத்துக் குடித்தவர் பக்கத்திலேயே இருப்பார்.)

புதியவர் இருபது முகப் பகடையை உள்ளங்கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதில நான் யாருங்க?”

“சொல்றேன். முதல்ல என் கேரக்டரோட பூர்வீகத்தைக் கேளுங்க.”

கேட்டார். முக்கால் மணி நேரம்.

பிறகு ‘டிரெட்’ என்ற இன்னொரு ஆட்டம். பகடை கிடையாது, மரக்கட்டைகளை அடுக்கிய ஜெங்கா கோபுரம்தான். கட்டையை உருவும்போது சரிந்தால் உங்கள் பாத்திரம் காலி. அன்றைக்குச் சரித்தது புதியவரல்ல, விதி விளக்கிக்கொண்டிருந்தவரின் முழங்கை.