தழும்பு பார்க்க வந்த தம்பிக்கு

வா தம்பி, உட்காரு. கையில உப்புத்தாள், கழுத்துல பூதக்கண்ணாடி. சாலாக் செலாத்தான்ல யாரு வீட்டுக்கோ தச்சு வேலைக்கு வந்த பையன்னு நெனச்சேன். மரத்துக்கு ஜாதகம் பார்க்கிற படிப்பாமே? மனுசனுக்கு ஜாதகம் பார்த்தாலாவது வெத்தலை பாக்கோட அஞ்சு வெள்ளி கெடைக்கும். சரி, ஒரு தே தாரிக் சொல்லு. எனக்கும் சேர்த்துச் சொல்லு.

நேத்து நீ சொன்னதை நான் சரியாப் பிடிச்சேனான்னு பாரு. தீ வந்து மரத்தடியை நக்கிட்டுப் போனா, பட்டைக்குள்ள இருக்கிற பச்சைத் தோல் அந்தப் பக்கம் மட்டும் செத்துப் போகும். மீதிப் பக்கம் உயிரோட இருக்கும். வருஷா வருஷம் ரெண்டு ஓரத்துலேருந்தும் கட்டை வளர்ந்து, உதடு மூடுற மாதிரி காயத்தை மூடப் பார்க்கும். அறுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா எந்த வளையத்துல தழும்பு இருக்கோ அந்த வருஷம் தீ. வளையத்துக்குள்ள எந்த எடத்துல இருக்குன்னு பார்த்து, கோடையில எரிஞ்சதா மரம் தூங்குறப்ப எரிஞ்சதான்னுகூடச் சொல்லிடுவீங்க.

அடேய், இது எனக்குப் புதுசா? முப்பது வருஷம் பால்மரம் வெட்டினவன்டா நான். கத்தி ஒரு நூல் கூட இறங்கிட்டாப் போதும், புதுப் பட்டை முண்டும் முடிச்சுமா வரும். மண்டோர் மரத்தைத் தடவிப் பார்த்தே எந்தக் கழுதை வெட்டினதுன்னு சொல்லிடுவாரு. அன்னிக்கு அதுக்குப் பேரு ஏச்சு. இன்னிக்கு அதுக்குப் பேரு ஆராய்ச்சி.

அமெரிக்காவுல டக்ளஸ்னு ஒரு வானசாஸ்திரி, சூரியனோட கரும்புள்ளியைத் தேடித் தேடி மரத்துக்குள்ள போயிட்டாராம். 1937-ல அரிசோனாவுல, டூசான் ஊர்ல, மர வளையத்துக்குன்னே ஒரு ஆய்வுக்கூடம் வச்சாராம். அந்தப் பக்கத்துப் பைன் மரங்கள்ல 1748-ம் வருஷத் தழும்பு மலைக்கு மலை இருக்குன்னு சொன்னியே, அது எனக்குப் பிடிச்சுது. முந்தின வருஷம் நல்ல மழை, புல்லு இடுப்பளவு. மறு வருஷம் காய்ச்சல். பத்திக்கிட்டுது. சம்பளம் வந்த வாரம் தாம்தூம்னு செலவு பண்ணிட்டு மாசக் கடைசியில சண்டை போடுற வீடு மாதிரி.

அதுக்கப்புறம் 1900-க்கு இப்பால தழும்பே காணோமாம். ஆட்டு மந்தை புல்லை மேஞ்சுது, மிச்சமிருந்த தீயை வனத்துறைக்காரன் ஓடி ஓடி அணைச்சான். நல்ல காரியம்னுதான் பண்ணினான். சருகும் சுள்ளியும் நூறு வருஷம் சேர்ந்து கெடந்து, இப்ப எரிஞ்சா மரத்தோட உச்சி வரைக்கும் எரியுது. நானும் கெழவியும் தெனம் ரெண்டு வாய்ச்சண்டை போடுறது ஏன்னு இப்பத் தெரியுதா?

ஆனா நம்ம ஊர்ல உன் பொழப்பு நடக்காது தம்பி. குளிர்காலம் இல்லை, மழை இல்லாத மாசமும் ஒழுங்கா இல்லை. மரம் எதைப் பார்த்து வருஷக் கோடு போடும்? பால்மரம் மாசி பங்குனியில இலை கொட்டும்தான், அதை இருபத்தஞ்சு முப்பது வருஷத்துல சாய்ச்சுட்டு மறுநடவு பண்ணிடுவான். ஜாவாத் தேக்குல பெர்லாகன்னு ஒரு டச்சுக்காரர் 1514-லேருந்து 1929 வரைக்கும் வளையம் எண்ணி 1931-ல வெளியிட்டாராம். அங்க வறண்ட காலம் உண்டு, எண்ணலாம். இங்க சிலாங்கூர்ல எண்ணினா உனக்குக் கண்ணு வலிதான் மிச்சம்.

அதனால கொளுத்துறவங்களுக்கு நான் இலவசமா ஒரு புத்தி சொல்றேன். கொளுத்தணும்னா இங்கயே கொளுத்துங்க, மரம் சாட்சி சொல்லாது. அதுலயும் கிள்ளான் ஜொஹான் செத்தியா, கோலலங்காட் பக்கத்துக் காம்புட் மண்ணு இன்னும் வசதி. வாய்க்கா வெட்டித் தண்ணியை வடிச்சுட்டா மண்ணே விறகு. மேல அணைஞ்ச மாதிரி இருக்கும், அடியில வாரக்கணக்குல புகைஞ்சுக்கிட்டிருக்கும். போம்பாக்காரங்க மண்ணுக்குள்ள தண்ணி பாய்ச்சிப் பாய்ச்சிச் சலிச்சுப் போறாங்க. மரம் வேரோட சாஞ்சுடும், அப்புறம் யாரு தழும்பு காட்டுறது? 2005 ஆகஸ்ட் 11-ல போர்ட் கிள்ளான்லயும் கோலசிலாங்கூர்லயும் காத்து மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டி அவசரநிலை போட்டாங்க. அந்தப் புகை பெரும்பாலும் சுமத்ராவுலேருந்து வந்துச்சு. எந்த மர வளையத்துல அது இருக்கு? என் நெஞ்சுச் சளியில இருக்கு.

அப்புறம் அந்த எல் நினோ. ஸ்பானியக்காரன் பாஷையில சின்னப் பையன்னு அர்த்தமாம். அரிசோனாவுக்குப் போனா மழை கொண்டு போறான், அங்க காட்டுத்தீ குறையுதுன்னு சுவெட்னாம், பெட்டன்கோர்ட் ரெண்டு பேரும் 1990-ல எழுதினாங்கன்னு நீதானே சொன்னே. இங்க வந்தா அதே பயல் குழாயை மூடுறான். மாமியார் வீட்டுல ஒரு குணம், சொந்த வீட்டுல ஒரு குணம்.

நான் ரொம்பக் கிண்டல் பண்ணிட்டேன், முகம் வாடிப் போச்சு. இந்தா, உனக்கு ஒரு வேலை தர்றேன். கடைக்குப் பின்னால நிக்கிற தூங்குமூஞ்சி மரத்தைப் பாரு. வெட்டப் போறாங்கன்னு சிவப்புச் சாயம் அடிச்சிருக்கு. அடியில, முழங்கால் உயரத்துக்கு, ரெண்டு உதடு மாதிரிப் பட்டை சுருண்டிருக்கா? விரலை உள்ள விடு. கரி ஒட்டும். எறும்பு இருக்கும், பார்த்து.

வளையத்தை எண்ணி வருஷம் சொல்ல உன்னால முடியாது. நான் சொல்றேன். கிள்ளான் பள்ளத்தாக்குல குழாயில தண்ணி இல்லாம, லாரிக்கு வாளி வச்சு வரிசையில நின்ன வருஷம். அதே வருஷம் செப்டம்பர்ல பக்கத்துல புக்கிட் ஜாலில்ல காமன்வெல்த் விளையாட்டு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, சருகைக் கூட்டி மரத்தடியில ஒருத்தன் பத்த வச்சான். காத்து அடிச்சுது. அணைக்கத் தண்ணி ஏது? கடைக்காரரு பாத்திரம் கழுவின தண்ணியை அண்டாவோட ஊத்தித்தான் அணைச்சாங்க.

மரத்தை அறுக்கிறப்ப ஒரு வட்டு கேட்டு வாங்கிக்கோ. தீ விழுந்த வருஷம் 1998-ன்னு எழுதிக்கோ. கொளுத்தினது யாருன்னு மட்டும் எழுதாதே, கெழவிக்கு இன்னும் தெரியாது.